இருபதாம் தேதியும் என் மூஞ்சியும்

டேய் சரவணா,

உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ எனக்குத் தெரியாது. நெட் கிடைத்த அவசரத்தில் இதைப் படிக்காதே. டூட்டி முடித்து, கையில் இருக்கும் கிரீஸைக் கழுவி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டு உட்கார்ந்து படி. உன் கல்யாணத் தேதி மறுபடியும் மாறியிருக்கிறது. பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆவணி இருபத்தெட்டுக்குத் தள்ளிப்போனது திரும்பவும் ஆவணி ஐந்துக்கே வந்துவிட்டது. தள்ளிப்போனதற்கும் நான்தான் காரணம், திரும்பி வந்ததற்கும் நான்தான் காரணம். உங்கப்பாவைக் கேட்டால் "அம்மாவ கேளு" என்று போனை வைத்துவிடுவார். கீழ்வீட்டு தேவி அத்தையைக் கேட்டால் ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லுவாள். அவளை முந்திக்கொள்வது நம் குடும்பத்தில் யாராலும் ஆகாத காரியம். நான் முயன்று பார்க்கிறேன்.

இதில் வரப்போகிற விஷயத்தை அம்மா பிள்ளையிடம் பேசுகிற வழக்கம் திருவொற்றியூரில் எந்தத் தெருவிலும் இல்லை. நீ முகத்தைச் சுளித்தால் சுளித்துக்கொள், நானா பார்க்கப்போகிறேன்? எழுதி முடித்ததும் நம் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடுவதாக இருக்கிறேன். பவித்ராவிடம் கேட்டேன், "போடுங்க அத்தை, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். மருமகளாக வரப்போகிறவளே சரி என்றபிறகு யாரைப் பார்த்து வெட்கப்படுவது?

இரண்டு வருஷமாக வீடியோ காலில் நீ என்னைப் பார்த்ததும் சொல்லும் முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "ஏம்மா இப்படி டல்லா இருக்க?" அடுத்த வாக்கியம், "தூங்கலையா?" பதிலுக்குக் காத்திராமல் மூன்றாவது, "சரி, அப்பா எங்க?" போன வருஷம் நீ ஆன்லைனில் போட்டு அனுப்பிய கிரீம் பெட்டியை வாங்கிக்கொண்டபோது, பெற்ற பிள்ளையே நம் மூஞ்சியைப் பழுது பார்க்கப் பொருள் அனுப்பும் காலம் வந்துவிட்டதே என்று இருந்தது. கப்பல் இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அம்மாவுக்கும் ஒரு கோட் அடித்துவிடலாம் என்று தோன்றியிருக்கும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் லாரிக்காரர்கள்கூடக் கேட் பாஸை நீட்டும்போது, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்பார்கள். ஒருத்தன் "யாருக்கா தவறிட்டாங்க?" என்றே கேட்டான்.

விஷயம் இதுதான். எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. முதல் மாதம் வரவில்லை, இரண்டாம் மாதமும் வரவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று நினைத்தேன்! மருந்துக் கடைக்குப் போய், அந்தச் சின்ன அட்டைப்பெட்டியைப் பேர் சொல்லிக் கேட்க வாய் வராமல் விரலால் காட்டினேன். கடைக்காரர் "பொண்ணுக்கா மா?" என்றார். "ஆமா" என்றேன். இல்லாத பொண்ணுக்கு வாங்கி வந்து பார்த்தால் ஒற்றைக் கோடு. முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகுதான், இது இல்லையென்றால் வேறு என்ன என்று யோசித்தேன்.

ராயபுரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். உங்கப்பாவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்தம்மா ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், சில வாரம் கழித்து இன்னொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "பொதுவா இது அம்பதை ஒட்டி வரும். உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்திருக்கு. சில பேருக்கு இப்படி வர்றதுதான், நீங்க எந்தத் தப்பும் பண்ணல. ஆனா சீக்கிரமா வந்ததால எலும்பையும் இதயத்தையும் கவனிக்கணும். ரத்தம் வேற கம்மியா இருக்கு. ஹார்மோன் மாத்திரை உங்களுக்குச் சேருமான்னு பார்த்துத் தரேன், இந்த டெஸ்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை அரிசி டப்பாவுக்குள் அழுத்தி வைத்தேன். அதோடு சரி, டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். உன் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சரை நினைவிருக்கிறதா? பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நிற்பார். பெற்றோர் கூட்டத்துக்குப் போய் வந்த நான், அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவரைப் போல நடித்துக் காட்டினேன். முந்தானையால் விசிறி, கண்ணைச் செருகி, "பசங்களா, எக்ஸ் ஈக்வல் டு… யாராவது ஃபேனைப் போடுங்கடா" என்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், தேவி தரையிலேயே புரண்டாள். அந்தம்மாவுக்கு அன்று என்ன செய்தது என்று எனக்கு இப்போது தெரியும். யார்டில் ஏப்ரல் மாத வெயிலில், லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரிசையில் நிற்க, நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தேறி, காது மடல் வரைக்கும் எரிந்து, அப்படியே வேர்த்துக் கொட்டி அடங்கும்போது, அந்த டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருக்கும். ஊரைப் பார்த்துச் சிரித்தவள் ஊர் சிரிக்கும் என்று பயப்படாமல் என்ன செய்வாள்? நின்றுபோனவள் என்றால் நம் பக்கத்தில் கிழவி. வேறு பேச்சில்லை.

எனவே நின்றது நிற்காததுபோல நடித்தேன். நம் வீட்டு முறை உனக்குத் தெரியும், அந்த மூன்று நாளும் நான் விளக்கேற்ற மாட்டேன், அடுப்படிப் பக்கம் போக மாட்டேன், தேவிதான் சமைத்து மேலே கொண்டு வருவாள். மாதாமாதம் இருபதாம் தேதி என்று வைத்துக்கொண்டேன். ஏன் இருபது? யார்டில் அந்த வாரம்தான் பெட்டிகள் வந்து குவியும், வீட்டுக்கு வந்தால் நிற்கக்கூட முடியாது. அந்த விஷயத்தில் ரிட்டயர் ஆனபிறகும் மாதம் தவறாமல் லீவு லெட்டர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே ஊழியர் நான்தான். தேவி விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து, மார்க்கெட்டில் விற்று முடித்து, அலுத்துப் போய் வருகிறவள். அவளை எனக்கும் சேர்த்து ஆக்கிப்போட வைத்து, அந்த வஞ்சிரக் குழம்பை உட்கார்ந்து தின்றேன். ருசியாகவும் இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

சரி, தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு மறைக்கலாம். மூஞ்சியை எதை வைத்து மறைப்பது? தூங்கினால் வேர்த்து எழுப்பிவிடும், எழுந்தால் விடியும் வரை கொட்ட கொட்ட விழிப்பு. கண்ணுக்குக் கீழே கரி பூசினதுபோல ஆயிற்று. தோல் காய்ந்து, கன்னம் தொங்கி, நான் சும்மா இருந்தாலும் யாரையோ முறைப்பதுபோல இருக்கும். உன் கிரீம்களைப் பூசினேன். ஒன்று மினுமினுத்தது, இன்னொன்று எரிந்தது. பியூட்டி பார்லரில் ஒரு பெண் முகத்தில் தங்கக் கலரில் எதையோ அப்பி, "ஆன்ட்டி, எழுந்தா பத்து வயசு குறைஞ்சிடும்" என்றாள். எழுந்து பார்த்தால் அம்மன் திருவிழாவில் அலங்காரம் பாதியில் நின்ற உற்சவர் மாதிரி இருந்தேன். ஐஸ் வைத்தால் கண் வீக்கம் வற்றும் என்று எங்கோ பார்த்துவிட்டு, தேவியின் மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் துணியில் சுற்றி ஒத்தினேன். உங்கப்பா ஹார்பரில் கிரேன் வேலை முடித்து வந்தவர், வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாமே, இன்னிக்கி சங்கரா மீன் கொயம்பா?"

"இல்ல, ரசம்."

"அப்ப வாசன எங்கேர்ந்து வந்துகினு கீது?"

என் மூஞ்சியிலிருந்து என்று எப்படிச் சொல்வது?

பவித்ராவை நான் எங்கே பிடித்தேன் என்று நீ அடிக்கடி கேட்பாய், நானும் "ஒரு பங்ஷன்ல பார்த்தேன்" என்று மழுப்புவேன். உண்மை இதுதான். விம்கோ நகரில் ஒரு சின்ன லேப். தேவி அந்தப் பக்கம் மீன் கொண்டுபோக மாட்டாள் என்பதற்காகவே அந்த லேபைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே என் கையில் ஊசி குத்தியவள் பவித்ரா. "அக்கா, அந்தப் பக்கம் பாருங்க" என்றாள். நான் திரும்புவதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டாள். இரண்டாவது முறை போனபோதும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஊரே ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. குணம், படிப்பு, குடும்பம் எல்லாம் பிறகு விசாரித்தேன். மருமகளாக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த "அக்கா"வில்தான். தினம் நூறு பேர் ரத்தம் எடுக்கிறவள், என் ரிப்போர்ட்டையா ஞாபகம் வைத்திருக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பெண் பார்க்கப் போனபோது காபி தந்தாள், சிரித்தாள், எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம்தான் தேதி குறிக்கிற நாள் வந்தது. மணலி புதுநகரில் அவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். ஜோசியர் இரண்டு நாள் எழுதிக்கொடுத்திருந்தார். ஆவணி ஐந்து, இல்லையென்றால் இருபத்தெட்டு. புரட்டாசி ஆறாம் தேதி நீ கப்பலேற வேண்டும். ஐந்தாம் தேதி கல்யாணம் என்றால் நீங்கள் இருவரும் சேர்ந்திருக்க ஒரு மாதம், இருபத்தெட்டு என்றால் ஒன்பது நாள். யாருக்குத்தான் இதில் யோசனை? "அஞ்சே வச்சிடலாம்" என்று உங்கப்பா தட்டைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது தேவி போனைத் திறந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பந்தக்கால் பூஜையிலும் நலங்கிலும் நிற்க வேண்டும், தாலித் தட்டைத் தொட்டுத் தரவேண்டும், அதனால் அவளுக்கு அந்த நாள் தோதுப்படுமா என்று பார்க்காமல் தேதி வைக்கிற பழக்கம் நம்மில் கிடையாது. தேவி இதிலெல்லாம் சுப்ரீம் கோர்ட்.

"இரு இரு. ஆவணி அஞ்சுன்னா இங்கிலீசுல இருபத்தொண்ணு. அண்ணிக்கு இருபது, இருபத்தொண்ணு, ரெண்டு. சரியா நட்ட நடுவுல வந்து குந்துது பாரு."

"கொஞ்சம் முன்னப் பின்ன ஆகாதா?" என்றார் பவித்ராவின் அம்மா.

"யாருக்கு, எங்க அண்ணிக்கா? கடியாரம் தப்பும், அண்ணி தப்பாது!"

அந்தம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "இந்த வயசுலயும் இவ்ளோ கரெக்டா வர்றதுக்குக் குடுத்து வச்சிருக்கணும் சம்பந்தி" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். விருது வாங்குகிறவர்கள் அப்படித்தானே செய்வார்கள்?

நல்லவேளையாக அவரே ஒரு வழியும் சொன்னார். "மாத்திரை போட்டு ரெண்டு நாள் தள்ளிக்கலாமே." நான் சரி என்று தலையசைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். போடாத மாத்திரையைப் போட்டேன் என்று சொல்ல எனக்கா தெரியாது? அந்த நேரம் பார்த்து நெஞ்சிலிருந்து சூடு கிளம்பியது. கழுத்து, கன்னம், நெற்றி எல்லாம் எரிகிறது, பட்டு ஜாக்கெட் முதுகில் ஒட்டிக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, அது போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மாத்திரை போடச் சொன்னதற்கு மாப்பிள்ளை வீட்டம்மா முகம் சிவந்து, கோபத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பவித்ராவின் அம்மா வெலவெலத்துப் போய், "வேணாம் வேணாம், உங்க உடம்பு முக்கியம். ரெண்டாவது தேதியே வச்சிக்கலாம்" என்றார். தேவி "அதான் சரி" என்று போனில் குறித்துக்கொண்டாள். எனக்குச் சூடு தணிந்து பேச்சு வந்தபோது வெற்றிலைப் பாக்கு மாற்றி முடித்திருந்தார்கள். அறை வாசலில் டீத் தட்டோடு பவித்ரா நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் நின்றுபோனது. தினம் "சாப்பிட்டீங்களா அத்தை" என்று கேட்கிறவள், கும்பிடு போடும் படம் மட்டும் அனுப்பினாள். உன்னிடமும் சரியாகப் பேசவில்லை என்று நீயே சொன்னாய், "அவளுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். "கல்யாணப் பதட்டம்டா" என்றேன். அதுவும் பொய்தான், எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. பத்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார்டு வாசலில் வந்து நின்றாள். லேப் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்து, டிபன் பாக்ஸை நீட்டினேன். தொடவில்லை.

"என்னைப் பிடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை."

"என்னடி பேசற? உன்னைப் பார்த்துப் பிடிச்சுக் கேட்டதே நான்தானே."

"அதான் எனக்கும் புரியல. உங்க ரத்தத்தை ரெண்டு தடவை எடுத்தது நான். ரிப்போர்ட் டைப் அடிச்சதும் நான். உங்களுக்கு இருபதாம் தேதின்னு ஒண்ணு கிடையாது. அப்புறம் எதுக்குத் தேதியத் தள்ளினீங்க? அவரு கூட நான் ஒரு மாசம் இருக்கறது உங்களுக்கு ஆகலையா?"

பெற்ற பிள்ளையின் வாழ்க்கை அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறது. அப்போது உன் தாய் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "யார்கிட்டல்லாம் சொன்ன?" இதை எழுதும்போதும் காது சுடுகிறது, இது அந்தச் சூடு இல்லை, வேறு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்டகூட. ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தர்கிட்ட சொல்றவ லேப்ல உக்காரக் கூடாது அத்தை. நான் இதை உங்ககிட்ட மட்டும்தான் கேட்கலாம், அதான் வந்தேன்."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வட்டம் போட்டது, வஞ்சிரக் குழம்பு தின்றது, கிழவி என்பார்கள் என்று பயந்தது, அன்றைக்குச் சூடு ஏறி வாயடைத்துப் போனது எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாசாமாசம் இருபதாம் தேதியே வர்றதுக்கு அது என்ன அத்தை, கேபிள்காரரா? எந்தப் பொம்பளைக்கு இங்கிலீஷ் மாசம் பார்த்து வரும்?"

"தேவிக்கும் சரி, உங்கம்மாவுக்கும் சரி, அந்த சந்தேகம் வரலியே."

"எப்பப் பார்த்தாலும் நீங்க என்னை முறைச்சிக்கிட்டே இருந்தீங்க. நிச்சயத்தன்னிக்குகூட. நான் பயந்துட்டேன்."

"கோவமில்லடி அது, தூக்கம்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதோம். லாரிக்காரர்கள் யார் தவறிவிட்டார்கள் என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போகும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தேதியை அல்ல. "டாக்டர் எழுதின சீட்டு எங்க?" அரிசி டப்பாவில் என்றேன். "இன்னிக்கு அரிசி எடுக்கும்போது அதையும் எடுங்க."

வீட்டுக்கு வந்து முதலில் தேவியிடம் போனேன். மாலை நேரம், அவள் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் நின்று இரண்டு வருஷமாகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னேன். ஈரக் கையிலேயே விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"அப்ப, ரெண்டு வருசமா மூணு மூணு நாளு நான் ஆக்கிப் போட்ட சோறு?"

"தின்னேன்."

"அடிப்பாவி! மீன் முள்ள எடுத்துட்டு வேற குடுத்தேனேடி!"

திட்டினாள். அண்ணி என்பதெல்லாம் போய், நான் இதுவரை கேட்டிராத வார்த்தைகள் வந்தன. கேட்டுக்கொண்டு நின்றேன். திட்டி ஓய்ந்து, கூடை மேலேயே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "எனக்குந்தான் எட்டு மாசமா நின்னு போச்சு. உன்ன விட மூணு வயசு பெரியவ நான். உனக்குக் கடியாரம் மாதிரி வந்துகினு கீது, எனக்கு மட்டும் ஏன் போச்சு, ஒடம்புல இன்னாவோ வியாதி கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன் அண்ணி. யார்கிட்ட போயி சொல்றது?"

சரவணா, நான் செய்த தப்புகளில் எது பெரியது என்று கேட்டால் உன் கல்யாணத் தேதியைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். என் பெருமைக்காக நான் போட்ட வட்டத்தைப் பார்த்து, ஒரே வீட்டில் ஒரு மாடி கீழே இருந்தவள் எட்டு மாதம் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

உங்கப்பாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "இதானா? நீ மூஞ்சியத் தூக்கி வச்சிகினு இருந்தியா, எம் மேலதான் எதுக்கோ கோவம்னு நெனச்சி நான் ரெண்டு வருசமா மொட்ட மாடில படுத்துகினு கீறேன், கொசுக்கடில!" கிரேனில் ஏறி நாற்பது அடி உயரத்திலிருந்து பெட்டியை ஒரு அங்குலம் பிசகாமல் வைக்கிற மனிதர், எதிரில் உட்கார்ந்திருந்தவளிடம் "என்ன" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சமம்.

மறுநாள் நானும் தேவியும் ஒரே ஆட்டோவில் ராயபுரம் போனோம். அந்த டாக்டர் என்னைப் பார்த்து, "இரண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார், அது போதும். ரத்தம் முன்பைவிடக் குறைந்திருந்தது. இரும்புச் சத்து மாத்திரை தந்தார். தைராய்டு, மார்பகம், பி.பி., எலும்பு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஹார்மோன் மாத்திரையை ஆரம்பித்தார். தேவிக்கு அது வேண்டாம் என்று வேறு கொடுத்தார். குழுவில் இதைப் படிக்கிறவர்கள் என் மாத்திரைப் பேரைக் கேட்டு மெசேஜ் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். அவரவர் உடம்பை அவரவர் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

மூஞ்சி என்ன ஆயிற்று என்று கேட்பாய். கிரீம் செய்யாததைத் தூக்கம் செய்தது. சாயந்திரம் யார்டில் குடிக்கும் இரண்டு காபியை விட்டேன். பட்டு, நைலான் எல்லாம் பீரோவுக்குள், வீட்டில் பழைய காட்டன் புடவைதான். உங்கப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து, டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அவர் வேர்த்துக்கொண்டு படுக்கிறார். ஞாயிறு காலையில் நானும் தேவியும் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடப்பதால் அவளுக்கு இரட்டைப் பயிற்சி. தட்டில் சோற்றைக் குறைத்து, மீனையும் முட்டையையும் கூட்டினேன். கண் டாக்டரிடம் போனால், கண்ணாடிப் பவர் மாறி வருஷமாகிறதாம், நான் உலகத்தையே முறைத்துப் பார்த்ததில் பாதி அதனால்தான். உன் பெட்டியில் இருந்த கிரீம்களில் வெயிலுக்குப் பூசுவதையும், தோல் காயாமல் இருக்கப் பூசுவதையும் மட்டும் வைத்துக்கொண்டேன், அவை நல்லவை. மினுமினுக்கிறதைத் தேவிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் மீன் விற்கும்போது பூசிக்கொள்கிறாள். நான் ஒன்றும் இருபது வயதுப் பெண்ணாகிவிடவில்லை. சூடும் அடியோடு போகவில்லை. ஆனால் இப்போது லாரிக்காரர்கள் என்னிடம் துக்கம் விசாரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மணலிக்குப் போனேன். பவித்ராவின் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் எதிரிலும் சொன்னேன். எனக்கு இருபதாம் தேதியும் இல்லை, முப்பதாம் தேதியும் இல்லை, ஆவணி ஐந்தே வையுங்கள் என்று. ஒரு நொடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு சித்தி, "எனக்கு நாப்பத்தி மூணுலயே" என்று ஆரம்பித்தார். அதற்கப்புறம் பேச்சு கல்யாணத்துக்குத் திரும்பவே ஒரு மணி நேரமாயிற்று. கிழவி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன, கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறவளைக் குமரி என்றா சொல்வார்கள்?

பொய்க்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை. ஏசி மண்டபம் ஆவணி ஐந்துக்கு வேறு யாருக்கோ போய்விட்டது. கோயிலில் தாலி, நம் தெருவில் பந்தல், சாப்பாடு. ஆவணி வெயிலில், பட்டுப்புடவையில், அடுப்பு அனலுக்கு அடுத்து நான் நிற்கப்போகிறேன். பத்து நிமிஷத்தில் பவுடர் கரைந்துவிடும். தேவி இரண்டு பனை விசிறி வாங்கி வைத்திருக்கிறாள், ஒன்று அவளுக்கு.

உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பவித்ராவின் முகமும் ஒரு நாள் வாடும். பிள்ளை பெற்று வாடலாம், நீ கடலில் இருக்கும்போது தனியாக இருந்து வாடலாம், என்னைப் போல வாடலாம். அப்போது "ஏன் டல்லா இருக்க" என்று கேட்காதே. அந்தக் கேள்வியில் பதில் சொல்ல இடமே இல்லை. "உனக்கு என்ன செய்யுது" என்று கேள். கேட்டுவிட்டு "அப்பா எங்க" என்று ஓடாதே. அவள் சொல்லும் வரைக்கும் அங்கேயே இரு. உன் மேல் கோபம் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டு மாடி ஏறாதே. அவளோ, தெரிந்ததை ஊருக்குச் சொல்லாமல், கேட்க வேண்டியவளிடம் மட்டும் நேராக வந்து கேட்டவள். என் மூஞ்சியைக் காப்பாற்ற நான் அவளுடைய ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

ஏர்போர்ட்டிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வராதே. மணலி புதுநகருக்குப் போ. அவளைப் பார்த்து, அவள் பேசுவதை முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு இங்கே வா. சாவி தேவியிடம் இருக்கும். நான் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதே.

அம்மா